கால் அறிந்த வழி

எங்கள் வீட்டுப் பொடக்காலியில், சமையலறைப் படியிலிருந்து கிணற்றடித் துவைகல் வரைக்கும் ஒரு தடம் இருந்தது. யாரும் போட்டதன்று, நாற்பது ஆண்டுகள் அம்மா குடத்தோடும் துணிமூட்டையோடும் நடந்து நடந்து விழுந்தது. 42 அடி நீளம், ஓரடி அகலம், புல் முளைக்காத செம்மண் கீற்று. அதைப் பாதை என்று நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை.

2023 பொங்கல் விடுமுறையில் அந்த இடத்தைத் தோட்டமாக்க முனைந்தோம். ஆள் வைக்காமல் கணவனும் மனைவியுமாக எங்கள் கையாலேயே செய்வதென்று முடிவு. கட்டத்தாளில் வரைந்தோம். நேர்கோடு அழகில்லை என்று பட்டது. ஆகவே இருமுறை வளைந்து, குரோட்டன்ஸ் பாத்திகளைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போகும்படி 55 அடியில் ஒரு பாதை. அதற்கு வழவழப்பாக இழைத்த கடப்பாக் கல். பழைய தடத்தைக் கொத்திப் புல் பதித்தோம். வந்து பார்த்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்குக் கண்ணில் கிளாக்கோமா. நடுவில் தெரியும், ஓரங்கள் தெரியாது. அந்நோயில் போன பார்வை திரும்புவதில்லை; இருப்பதைக் காக்கவே மருந்து. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுபவர்களும் நாங்களே. ஆனால் கட்டத்தாளின் முன் உட்கார்ந்தபோது அது எங்கள் நினைவுக்கு வரவில்லை. புதுப்பாதை போட்ட மூன்றாம் வாரம், ஒரு மழைநாள் காலையில், முதல் வளைவில் அம்மா நேராக நடந்து பாத்திக்குள் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பின்னும் பொடக்காலிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். துணியைப் பக்கெட்டில் போட்டு எங்கள் முன் வைத்துவிட்டு அறைக்குள் திரும்பிவிடுவார்.

ஒருநாள் கேட்டே விட்டோம். “படியிலிருந்து துவைகல்லுக்கு 28 அடி கண்ணு. எட்டாவதுல வேம்பு வேருக்குக் கொஞ்சம் ஒதுங்கோணும். பதினாலுல பவழமல்லி வாசம் வரும். நீங்க வளைச்சுப்போட்டா காலுக்கு எப்படித் தெரியும்?” என்றார். குரலில் குறை ஏதுமில்லை. அதுவே எங்களை அதிகம் சுட்டது.

அந்த வாரம் வகுப்பில் மலைபடுகடாம் நடந்துகொண்டிருந்தது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். ஆறு என்றால் வழி என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லிவருகிறோம். பன்றிக்கு வைத்த பொறி, கவண் கல், பாம்பு, வழுக்கும் பாறை என்று அந்நூல் வழியின் இடர்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. நடந்து வந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்லும் சொல் அது. இருபதாண்டுகளாக அதைப் பாடமாக நடத்திய நாங்கள், நடப்பவரைக் கேட்காமலே வழி வரைந்திருக்கிறோம் என்று எண்ணியபோது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

மே மாதம் கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் பெயர்த்தோம். இம்முறை கட்டத்தாள் இல்லை. அம்மாவை நடக்கச் சொன்னோம். ஒருவர் கைபிடிக்க, ஒருவர் பின்னால் குனிந்துகொண்டு, அவர் குதிகால் பட்ட இடத்திலெல்லாம் கோலமாவு வைத்தோம். புல்லுக்கு மேல் 28 வெள்ளைப் புள்ளிகள். மறைந்துபோன தடத்தின் மேலேயே அவை விழுந்திருந்தன.

அந்தப் புள்ளிகளை நடுவாக வைத்து முளையடித்து நூல் பிடித்தோம். பழைய ஓரடி போதாது. துணைக்கு ஒருவர் கைபிடித்து வர நான்கடி வேண்டும். வேம்பருகில் மட்டும் மூன்றடிதான் கிடைத்தது. வேரை வெட்டவில்லை, வழியை ஒதுக்கினோம். ஆறங்குலம் தோண்டி, மூன்றங்குலம் ஜல்லி போட்டு இடித்து, ஓரங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் இரண்டங்குலக் கனத்தில் சொரசொரப்பான கருங்கல் பலகைகளைப் பதித்தோம். ஈரத்தில் இழைத்த கல்லைப்போல அது வழுக்குவதில்லை. தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும். ஆகவே ரசமட்டம் வைத்து, நான்கடி அகலத்துக்கு ஓரங்குலம் என்ற கணக்கில் பாத்திப் பக்கம் வாட்டம் கொடுத்தோம். கல்லுக்குக் கல் ஏற்றத்தாழ்வு இருக்கிறதா என்று செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தோம். இரண்டு இடங்களில் எங்களுக்கே கால் தட்டியது. பெயர்த்து மறுபடி பதித்தோம். இருபுறமும் தடுக்காத மட்டத்தில் செங்கல் வரிசை, அதன்மேல் சுண்ணாம்பு. நேராகத் தெரியும் சிறு வட்டத்துக்குள் அந்த வெள்ளைக்கோடு அகப்படும் என்பது எங்கள் கணக்கு.

பவழமல்லியை அசைக்கவில்லை. துவைகல் வந்துவிட்டதை அறிவிக்க, பாதை முடியும் இடத்தில் மரிக்கொழுந்து வைத்தோம்.

வேலை முடிந்த பிறகும் பதினோரு நாள் அம்மா படியிறங்கவில்லை. நாங்களும் அழைக்கவில்லை. அழைக்கும் உரிமை எங்களுக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. பன்னிரண்டாம் நாள் விடியலில் கதவுச் சத்தம் கேட்டு எழுந்து சன்னலோரம் நின்றோம். ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி அம்மா முதல் கல்லைக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை விட்டார். உதடு அசைவது தெரிந்தது. எட்டில் ஒதுங்கினார். பதினாலில் நின்று, குனிந்து, கீழே கிடந்த பூவில் இரண்டை எடுத்துக்கொண்டார்.

ஓடிப்போய்க் கைபிடிக்கத் தோன்றியதை அடக்கிக்கொண்டு, நாங்களும் அவரோடு சேர்ந்து மீதியை எண்ணினோம்.