பாப்பா நெஞ்சும் பூசலார் கோயிலும்

ஒரு குழந்தை இதயக் கோளாறோடு பிறந்தால், காரணம் சொல்ல நம்ம சமூகத்தில் டாக்டர் வேண்டியதில்லை. தெருவே சொல்லிவிடும். கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தாளா? குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டத மறந்துட்டாளா? போன ஜென்மத்துல இன்னா பாவம் பண்ணாளோ? எல்லாக் கேள்வியும் தாயைப் பார்த்துத்தான். என் தங்கச்சி இதையெல்லாம் ரெண்டு வருஷம் கேட்டாள்.

ஆவடிக்குப் பக்கத்துக் காலனி எங்களுடையது. மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. பாப்பா மற்ற பிள்ளைகளோடு ஓடும். நாலு எட்டு வைத்ததும் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்திக்கும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி ஓடும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எங்க ஆயா மட்டும், "இது வெளயாட்டு இல்லடி, புள்ள மூச்சுக்குத் தவிக்குது" என்றாள். தனியார் கிளினிக் ஒன்றில் சளி என்று டானிக் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் உதடு நீலமா இருக்கே என்று தங்கச்சி கேட்டதற்கு, "கருப்புப் புள்ளைக்கு நீலம் எங்கம்மா தெரியும்" என்று பதில் வந்தது.

2014-ல் அங்கன்வாடிக்கு வந்த அரசு மருத்துவக் குழுவில் ஒரு டாக்டரம்மா, பாப்பாவை நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தைப் பார்த்தார். கருத்த தோலில் தெரியாத நீலம் நாக்கிலும் நகத்திலும் தெரியும். டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ என்று ஸ்கேனில் உறுதியானது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகல். அதனால் கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலந்து உடம்புக்குப் போகிறது. குந்தும்போது கால் ரத்தக் குழாய்கள் அழுந்துவதால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகும். பாப்பா தானே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் அது.

ஆபரேஷனுக்குக் காத்திருந்த மாதங்களில் எல்லாச் சாமியும் எங்க வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா திருவேற்காடு கருமாரிக்கு முடிந்து வைத்தார். பக்கத்து வீட்டு அக்கா ஜெபக்கூட்டத்தில் பாப்பா பேரைச் சொல்லி அழுதார். பின்தெரு பாய் தர்காவிலிருந்து ஓதின தண்ணி கொண்டுவந்தார். தங்கச்சி வாராவாரம் ரயிலேறித் திருநின்றவூர் போனாள். ஆவடி தாண்டி அரக்கோணம் பாதையில் இருக்கிறது. அங்கே இருதயாலீஸ்வரர் கோயில். இதய நோய்க்காரர்கள் வேண்டிக்கொள்ளும் இடம்.

அந்தக் கோயிலின் கதை பெரியபுராணத்தில் வருகிறது. பூசலார் கையில் காசில்லாதவர். மனசுக்குள்ளேயே கல் அடுக்கி, தூண் நிறுத்தி, குளம் வெட்டிக் கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாளில் குடமுழுக்கு. சிவன் மன்னன் கனவில் வந்து, நான் நின்றவூர் பூசலார் கோயிலுக்குப் போகணும், உன் நாளை மாத்திக்கோ என்றாராம். பூசலார் அந்தணர். அவருக்காகச் சாமி தேதியையே மாற்றினார். அதே புராணத்தில்தான் நம்ம நந்தனும் இருக்கிறார். அவருக்காகத் திருப்புன்கூரில் நந்தி விலகியது, அவ்வளவுதான். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. சிதம்பரத்துக்குள் போக அவர் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது.

எனக்குச் சாமி கும்பிடுகிற பழக்கம் கிடையாது. அம்பேத்கர் 1956-ல் நாக்பூரில் சொன்ன 22 உறுதிமொழிகளைப் படித்து வளர்ந்தவன். நந்தன் கதையை ஒருநாள் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "இருக்கட்டும்ணா. ஆனா அங்க ஒக்காந்தா என்ன ஒருத்தரும் கேள்வி கேக்கறதில்ல. அதுக்குத்தான் போறேன்" என்றாள். அதற்கு மேல் நான் வாதம் பண்ணவில்லை.

நான் வாதம் பண்ண வேண்டியது வினை என்ற சொல்லோடு. கரு உண்டான முதல் இரண்டு மாதத்துக்குள் இதயம் உருவாகிவிடுகிறது, பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரத்தில். ஆயிரம் குழந்தை பிறந்தால் சுமார் எட்டுக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கும், பங்களாவிலும் காலனியிலும். ருபெல்லா காய்ச்சல், கட்டுப்படாத சர்க்கரை, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் இதற்கான வாய்ப்பைக் கூட்டலாம். போன ஜென்மம் எந்த ஸ்கேனிலும் தெரிவதில்லை. பாப்பா நெஞ்சில் இருப்பது வினை என்கிற வாயும், நீ சேரியில் பிறந்தது வினை என்கிற வாயும் ஒரே வாய்தான்.

இந்த நீலக் குழந்தைகளுக்கு முதல் வழி திறந்தது 1944 நவம்பர் 29-ல், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில். ஆபரேஷனுக்கு பிளேலாக், டாசிக் என்ற இரண்டு வெள்ளை டாக்டர்களின் பெயர் நிலைத்தது. அதை நாய்களிடம் செய்து செய்து பழகியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பர். தச்சுத் தொழில் தெரிந்தவர். காலேஜ் போகக் காசில்லாமல் ஆய்வுக்கூட வேலைக்கு வந்தவர். ஆரம்பத்தில் அவருக்குக் கொடுத்த சம்பளம் துப்புரவுத் தொழிலாளி சம்பளம். அன்று சர்ஜனுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு நின்று, எங்கே தைக்கணும், எப்படித் தைக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கௌரவ டாக்டர் பட்டம் 1976-ல்தான் கொடுத்தார்கள். தங்கச்சிக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "அவுரு போட்டோ இருக்காண்ணா?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். சாமி மாடத்தில் கருமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

2012-ல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்தான் பாப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது. அந்த அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். கோயிலுக்கு ஒன்பது வாரம் போனாள், வி.ஏ.ஓ. ஆபீசுக்கு ஆறு நடை நடந்தாள். கோயிலில் காக்க வைக்கவில்லை, ஆபீசில் வைத்தார்கள். எஸ்டேட் ரோட்டுக்குப் பக்கத்திலேயே, முகப்பேரில், பேர்போன இதய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அந்த வழியாகத்தான் மாப்பிள்ளை தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவார். அதற்குள்ளே போக ஒரு அட்டை வேண்டும் என்பதும், அது தன் உரிமை என்பதும் அதுவரை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தெருவில் ஒரு தாய் குழந்தைக்காக முடிந்து வைத்தால் அவளோடு சாமி உண்டா இல்லையா என்று பேச உட்காராதீர்கள். பிள்ளையின் நாக்கையும் நகத்தையும் பாருங்கள். வருமானச் சான்றுக்கு அவள் போகும்போது கூடப் போய் நில்லுங்கள். பாவம் என்று எவராவது ஆரம்பித்தால், அவர் சொந்தக்காரரானாலும் பூசாரியானாலும் பாஸ்டரானாலும், அந்த இடத்திலேயே வாயை மூடச் சொல்லுங்கள்.