பரங்கிமலையில் ஒரு வாக்குவாதம்

கடலோடு மட்டமாய்க் கிடக்கும் ராயபுரத்தில் பிறந்து, எண்ணூர் நிலக்கரிக் குவியலுக்கு மேற்பட்ட உயரம் எதையும் அன்றாடம் கண்டறியாத எனக்கு, பர்வதம் என்றால் இமயமும் படங்களில் பார்த்த ஆல்ப்ஸும்தான் என்ற அகம்பாவம் வெகுகாலமாக உண்டு. ஆகவே, ஏறக்குறைய 300 அடியே உயரமுள்ள பரங்கிமலையின் உச்சியை, ஆர்மீனிய வணிகர் பெட்ருஸ் உஸ்கான் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்துக் கொடுத்த படிகளின் வழியே, மூச்சு வாங்குமுன்பே எட்டிவிட்டபோது, "இதையும் மலை என்கிறார்களே!" என்று நண்பரிடம் சற்று உரக்கவே சொல்லிவிட்டேன்.

மாதா கோயிலில் நேர்த்திக்கடனை முடித்து, மர நிழலில் புளிச்சோறும் வறுத்த நெத்திலியுமாக உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"ராயபுரம், ஐயா."

"ராயபுரத்துக்காரன் பேசுற பேச்சா இது? நான் காசிமேடு. கட்டுமரத்துல ஏறி, கரை மறைஞ்சப்புறம் திரும்பிப் பாரு. இந்த மலைதான் தெரியும். இத்த வெச்சுத்தான் எங்கப்பன் வூடு வந்து சேந்தாரு."

படகில் ஏறாத ராயபுரத்துக்காரனாகிய நான், பூகோளப் புத்தகத்தின் துணைகொண்டு ஏதோ வாதாடிப் பார்த்தேன். அவரோ பதில் சொல்லாமல், பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் தெருவின் ருசியே அந்த நெத்திலியில் இருந்தது. என் வாதமும் அதோடு ஓய்ந்தது.

இறங்கும்போதுதான் நினைவு வந்தது: 1802-ல் லாம்டன் என்னும் ஆங்கிலேயர், இந்திய பூமியை அளக்கும் பெருமுயற்சிக்கான முதல் அடிக்கோட்டை, இம்மலையடிவாரச் சமவெளியில்தான் சங்கிலி பிடித்து, ஏறக்குறைய ஏழரை மைல் நீளத்துக்கு அளந்தார். அந்த அளவைப்பணி வடக்கு நோக்கி வளர்ந்து வளர்ந்து இமயத்தையும் எட்டி, எங்கள் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்ட அதே 1856-ல், எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கவும் ஏதுவாயிற்று. நான் இளப்பமாகப் பேசிய இடத்திலிருந்துதான் இமயத்தையே அளக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மறுநாள் விடியலில் காசிமேட்டுக் கரையில் நின்று தென்மேற்கே பார்த்தேன். பாரந்தூக்கிகளும் மாடிக் கட்டடங்களும் தெரிந்தன, மலை தெரியவில்லை. அதைக் காணக் கடலுக்குள் போகவேண்டும்.