புது எஞ்சினும் றொசல்ல ஏற்றமும்

மலைநாட்டுக்குப் புகைவண்டியிற் சென்றவர்கள் றொசல்ல என்னும் சிறு நிலையத்தைக் கண்டிருப்பர். வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3700 அடி உயரத்தில், தேயிலைச் சரிவின் ஓரமாக அது அமைந்திருக்கிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் நிலையம் பின்னே போய்விடும். நாம் இம்முறை அங்கே சென்றது புகைவண்டியிலன்று. மீட்டரில் 190 கிலோமீற்றர் மட்டுமே ஓடியிருந்த ஒரு புத்தம் புதிய மோட்டார் வண்டியில்.

வண்டி எமதன்று, எமது அத்தை மகனுடையது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டதன் பின் வந்திறங்கிய சிறு கார்களில் அதுவும் ஒன்று. ஹற்றனில் வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கலாம் என்பது மைத்துனரின் எண்ணம். முற்பணம் அத்தையின் ஊழியர் சேமலாப நிதி. முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்ததன் மிச்சம். மீதி லீசிங். அந்த எஞ்சின் ஓராண்டில் எண்ணெய் குடிக்கத் தொடங்குமாயின் அக்குடும்பத்தின் கதி என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

ஆகவே கொழும்பிலிருந்து புறப்படும்போதே மைத்துனர் கைந்நூலை மனப்பாடம் செய்திருந்தார். முதல் 1000 கிலோமீற்றர் வரை அதிவேகம் ஆகாது. திடீரென விசையை அழுத்தலாகாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டலாகாது. தாழ்ந்த கியரில் தொடர்ந்து செல்லலாகாது. "அதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு" என்று விற்பனைக் கடையில் ஒருவர் சொன்னாராம். பழைய காலத்தில் இவ்விதி இன்னும் கடுமையாக இருந்ததென்பது உண்மையே. மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் புதிதாக இறங்கிய நாட்களில், இங்கிலாந்திலே வண்டியின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டி, பின்னால் வருவோரை முந்திச் செல்லுமாறு வேண்டிக்கொள்வது வழக்கம். இன்றைய எஞ்சின்கள் நுட்பமாகக் கடையப்பட்டவை. எனினும் கைந்நூல்கள் அவ்விதியை அடியோடு கைவிட்டுவிடவில்லை.

அவிசாவளை, எட்டியாந்தோட்டை வரை சிரமமில்லை. களனி கங்கையை ஒட்டிய பாதை, கித்துள்கலவில் தேநீர். 'குவாய் நதிப் பாலம்' திரைப்படத்துக்கு 1956இல் பாலம் கட்டிய இடத்தை எட்டிப் பார்க்கலாமென்றோம். மைத்துனருக்கு மனம் அதிலில்லை. கித்துள்கலவைக் கடந்ததும் மலை எழுந்து நிற்கிறதே! 1884இல் ஹற்றனை எட்டிய இருப்புப்பாதை மலையேறும் இடங்களில் 44 அடிக்கு ஓரடி என்ற கணக்குக்கு மிஞ்சாமல், சுற்றிச் சுற்றி ஏறுகிறது. மோட்டார்ப் பாதைக்கு அத்தகைய பொறுமை கிடையாது. கினிகத்தேனவில் மழை பிடித்தது. ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பிரதேசம் அது; வட்டவளையில் மழை பெய்யாதிருந்தால்தான் செய்தி. வளைவுக்கு வளைவு கியரை மாற்றிக்கொண்டு, எஞ்சின் சற்று இரைந்தால் முகம் சுளித்துக்கொண்டு, மைத்துனர் ஓட்டினார். பின்னால் வந்த பஸ்கள் குழலூதிச் சலித்தன.

றொசல்லயில் பெரும்பாதையோரம் அத்தை குடையுடன் காத்திருந்தார். அங்கிருந்து லயத்துக்குத் தோட்டப் பாதை. அரை மைல், கல்லும் பள்ளமுமான செங்குத்து. அத்தை வண்டியைத் தொட்டுப் பார்த்தார். கதவைத் திறக்கும் வகையைக் கேட்டார். மைத்துனர் தயங்கினார்.

"அம்மா, எஞ்சின் புதுசு. மூணு பேரோட இந்த ஏத்தத்துல..." என்று இழுத்து, காரணத்தையும் விளக்கினார். சிலிண்டரின் உட்சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இடப்பட்டது. எண்ணெய் தங்குவதற்கே அக்கீறல்கள். பிஸ்டன் வளையங்கள் அதன்மீது உரசி உரசி, மேடுகள் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று இசையவேண்டும். இசையுமுன் சூடு மிஞ்சினால் சுவர் சிராய்ந்துபோகும். தேய்ந்த உலோகப் பொடி எண்ணெயில் கலப்பதால், 1000 கிலோமீற்றரில் அவ்வெண்ணெயை மாற்றிவிடுவார்கள்.

அத்தை கேட்டு முடித்தார். "அப்ப கொத்துன அம்மி மாதிரின்னு சொல்லு தம்பி. மொத அரைப்பு தவிட்டப் போட்டு அரைச்சு வழிச்சுக் கொட்டணும். எடுத்தவொடனே மொளகா வச்சா கல்லுதான் வாயில வரும்." இவ்வளவுதான் சொன்னார், எமது பையையும் வாங்கிக்கொண்டு மழையில் ஏறத் தொடங்கிவிட்டார். கைந்நூலை எழுதிய பொறியியலாளர்களுக்கு அந்த அம்மி உவமை தெரிந்திருந்தால் இரண்டு பக்கம் மிச்சமாகியிருக்கும். ஆனால் கொழுந்துக் கூடையுடன் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஏறி இறங்கிய அதே சரிவை, தம் பணத்தில் வாங்கிய வண்டி கீழே நிற்க, அவர் நடந்து ஏறியதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதாயிருக்கவில்லை.

பாதையோரக் கடைத் திண்ணையிலிருந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர். பெட்போர்ட் லொறிகளின் எஞ்சினை இறக்கி, சிலிண்டர் கடைந்து, புது வளையம் போட்டுப் பூட்டிய ஒவ்வொரு முறையும் அதைப் பழக்கியெடுத்தவர் அவரேயாம்.

"பாரம் ஏத்தாமலே வச்சிருந்தா வளையம் படியாது தம்பி" என்றார். "மொத நாளு வெறும் லொறி, அப்புறம் அரைப்பாரம். அப்படித்தான் பழக்குவோம். ஒசந்த கியர்ல திணறவிடாத. கீழ் கியர்ல லேசா இரைஞ்சு ஏறட்டும். அரை மைலுதானே, மேல போயி ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைச்சிடு."

"கைந்நூல்ல கீழ் கியர் கூடாதுன்னு இருக்கே, மாமா?"

"நாள் பூராவும் கூடாதுன்னு இருக்கும். நல்லாப் படி."

அவர் சொன்னதில் நியாயமுண்டு. எரிந்த வாயுவின் அழுத்தமே வளையத்தைச் சுவரோடு நெருக்குகிறது. பாரமேயின்றி ஓட்டினால் அந்நெருக்கம் போதாமல் சுவர் கண்ணாடிபோல் மெருகேறிவிடும். பின்னர் எண்ணெய் மேலேறி எரிந்து நீலப்புகை கக்கும். இறக்கத்தைப் பற்றியும் எச்சரித்தார் அம்முதியவர். புதுப் பிரேக்கும் படிய நாளாகும். ஆகையால் கியரிலே இறங்கவேண்டும், பிரேக்கை மிதித்தபடியே இறங்கலாகாது என்றார்.

முதல் கியரில் ஏறினோம். இரண்டாம் வளைவில் அத்தையை எட்டிப் பிடித்தோம். அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்று, போகும்படி கையசைத்தார். மைத்துனர் நிறுத்திவிட்டு இறங்கி, ஒன்றும் பேசாமல் முன்கதவைத் திறந்து பிடித்தார். ஈரச் சேலையால் ஆசனம் நனையுமே என்று அத்தை கவலைப்பட்டார். ஏறியபின் வெளியே பார்க்கவில்லை. எஞ்சினின் ஒலியையே கேட்டுக்கொண்டிருந்தார். லய வாசலில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்ததும், வண்டியின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார், காய்ச்சற்காரப் பிள்ளைக்குப் பார்ப்பதுபோல்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மூவரும் ஹற்றன் கடைத்தெருவுக்குப் போய் அரிசியும் பருப்பும் வாங்கித் திரும்பினோம். தோட்டப் பாதை முனையில், மீட்டரில் இன்னும் எவ்வளவு குறைகிறதென்று அத்தை கேட்டார்.

"இன்னும் 670 கிலோமீற்றர், அம்மா."

அவர் சற்று யோசித்தார். "பருப்பு காணாது. நாளைக்கும் ஹற்றனுக்குப் போவணும்" என்றார்.