மேசையும் மதுவும்

பிரெஞ்சுக்காரரின் மேசைக்கு மது தனித்து வருவதில்லை; பாணும் பாற்கட்டியும் துணைக்கு வரும். போசனசாலையிலே பரிசாரகர் போத்தலைத் திறந்து, ஒரு மிடறளவே வார்த்து, நாம் சுவைத்துத் தலையசைக்கும் வரை காத்து நிற்பார். அச்சடங்கு எனக்குக் கூச்சந் தருவது. வீட்டு மேசையே உவப்பானது. பேர்கண்டி முறையில் மாட்டிறைச்சியைச் செந்நிற வைனில் 3 மணி நேரம் மெல்லென வேகவைத்தால், வைனின் துவர்ப்பும் புளிப்பும் அடங்கி, குழம்பு தடித்து மணக்கும். அதனோடு அதே வைனில் ஒரு கிண்ணம் இருந்தால் வேறென்ன வேண்டும்? நோர்மண்டியிலோ பெருவிருந்தின் நடுவே கல்வடோஸ் என்னும் அப்பிள் பிராந்தியைச் சிறிது அருந்துவர். அதற்கு ‘நோர்மண்டிக் குழி’ என்று பெயர். அடுத்த கறிக்கு வயிற்றில் இடந் தோண்டுகிறதாம்!

1956ஆம் ஆண்டு வரை பள்ளிச் சிறுவரின் மதிய உணவோடும் அங்கே வைன் கொடுபட்டதுண்டு; அவ்வாண்டிலேதான் 14 வயதிற்குட்பட்டோருக்கு அது விலக்கப்பட்டது. 1960களில் ஆளொன்றுக்கு ஆண்டுதோறும் 100 லீற்றருக்கு மேல் வைன் செலவாயிற்று. இன்று அதிற் பாதியும் இல்லை. 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபென ஏற்றது எந்தவொரு கறியையும் அன்று. பலர் கூடி, வரிசை தவறாது, ஆறியமர்ந்து உண்ணும் அவர்களது விருந்து வழக்கத்தையே. மது குறைந்தது நன்றே. பாற்கட்டித் தட்டு வருமுன்னரே எழுந்தோடும் இக்காலத்து அவசரந்தான் எனக்குப் பொறுக்கவில்லை.