பச்சை விளக்கை நம்பாதவர்

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியாக இணையம் கொண்டுபோகும் திட்டத்தைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் வெட்டி எடுத்து வைப்பது என் வழக்கம். நாடு முழுவதற்குமான திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. இங்கே அதற்காகவே 2018-ல் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் வந்தது. ஒவ்வொரு செய்தியிலும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி, எத்தனை ஊராட்சி என்று கணக்கு இருக்கும். ஊருக்குள் வந்து சேர்ந்த இணைப்பை அன்றாடம் உயிரோடு வைத்திருக்கும் ஆளைப் பற்றி ஒரு வரி இருந்ததில்லை. பெரியகுளத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் இதைச் சொல்லி ஆதங்கப்பட்டபோது, "அப்படிப்பட்ட ஆளு ஒருத்தர் ஜெயமங்கலத்துல இருக்காரு. என்கிட்ட படிச்ச பையன்தான், வாங்க" என்றார்.

பெரியகுளத்திலிருந்து வடுகபட்டி வழியாகப் போனோம். வடுகபட்டியில் பூண்டு மண்டிகளைத் தாண்டும்வரை பேருந்துக்குள்ளும் அந்த வாசனைதான். பிறகு மேல்மங்கலம், அடுத்து ஜெயமங்கலம். வராக நதிப் பாசனத்தில் வயலும் தென்னையுமாகக் கிடக்கிற ஊர். வடக்கே கொடைக்கானல் மலை நிற்கிறது.

கடைவீதியில் ஒரு மாடி அறை. ஊரில் இன்றைக்கும் அதற்குக் கேபிள் டிவி ரூம் என்றுதான் பெயர். மொட்டைமாடியில் பழைய டிஷ் ஆன்டெனாக்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. உள்ளே ஒரு இரும்பு ரேக், அடியில் யூபிஎஸ் பேட்டரிகள், ஓயாமல் சுற்றும் மின்விசிறி. ரேக்கின் நடுவில், ஒயர் செருக இருபத்துநான்கு போர்ட் உள்ள சுவிட்ச். நான் பார்க்கப் போனவர் அதன் முன்னால் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர். வயது முப்பத்தைந்துக்குள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சுவிட்சில் விளக்குகள் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது போலிருக்கிறதே என்றேன்.

"அப்படி நம்பிரக் கூடாதுண்ணே. லைட்டு எரியுதுன்னா ஒயரோட அந்தப் பக்கம் எதுலயோ மாட்டியிருக்குன்னு மட்டுந்தான் அர்த்தம். வேலை ஒழுங்கா நடக்குதான்னு அது சொல்லாது."

சுவிட்சின் வேலையைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. வலைப்பின்னலில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் பிறக்கும்போதே ஒரு முகவரி எண் எழுதப்பட்டிருக்கிறது. எந்த எண் எந்தப் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பதைச் சுவிட்ச் தானாகவே கற்றுக்கொண்டு, வரும் தகவலை அந்த ஒரு கதவில் மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிறது, ஊரை அறிந்த தபால்காரரைப் போல. அதற்கு முன் புழங்கிய ஹப் என்ற பெட்டி, வந்ததையெல்லாம் எல்லாக் கதவிலும் போட்டுவிட்டுப் போகும். 1990-ல் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்தார். அந்தப் பெட்டியில் ஏழு போர்ட். 1994-ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இதைச் சொன்னதும் அவர், "நிசமாவாண்ணே? இத்தனை வருசமா இதுகூடத்தான் உக்காந்திருக்கேன், எவனும் சொல்லலையே" என்று ரேக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கு ஒரு புகார் இருந்தது. கிழக்குப் பக்கத் தெருக்களில் பகலெல்லாம் நெட் நன்றாக ஓடுகிறது, பொழுது சாய்ந்தால் இழுக்கிறது. வந்து பார்க்கும் நேரமெல்லாம் பகல் என்பதால் வீட்டில் ஒரு குறையும் தெரியாது. 'மோடத்தை அணைச்சுப் போடுங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். இவர் செய்யவில்லை.

மடிக்கணினியைத் திறந்து சுவிட்சுக்குள் நுழைந்தார். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை. இருபத்துநான்கு வரிகளில் போர்ட்டுகளின் நிலவரம் இறங்கியது. சில வரிகளில் இணைப்பு இருக்கிறது என்றும், சிலவற்றில் இல்லை என்றும், சிலவற்றில் நாமே அணைத்து வைத்தது என்றும் இருந்தது. அவர் விரல் கடைசிப் பக்கத்து வேக நிரலில் மட்டும் ஓடியது. இணைப்பு இருந்த மற்ற எல்லா வரியிலும் 1000. பதினேழாம் போர்ட்டில் 100.

"இந்தா இருக்குல்ல" என்றார்.

பதினேழாம் போர்ட்டிலிருந்து கிளம்பும் காப்பர் ஒயர் மொட்டைமாடி வழியாகப் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போகிறது. கிழக்குத் தெருக்களின் வீடுகளுக்குக் கண்ணாடி இழை பிரியும் ஓஎல்டி பெட்டி அங்கேதான் இருக்கிறது. ஆக அத்தனை வீட்டுப் போக்குவரத்தும் இந்த ஒரே போர்ட் வழியாகத்தான் வரவேண்டும். பகலில் ஆட்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருப்பார்கள், நூறு மெகாபிட் தாராளம். இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடும்போது அது போதாது. வழியில்லாமல் மிஞ்சும் தகவலைச் சுவிட்ச் கொட்டிவிடுகிறது. அப்படிக் கொட்டியதற்கும் சுவிட்சிலேயே ஒரு கணக்கு உண்டு.

அந்தக் கணக்கைப் படிப்பதில்தான் இவருடைய தொழில் அறிவு முழுக்கத் தெரிந்தது. சுவிட்ச் காட்டும் எண்ணிக்கை, கடைசியாக அழித்த நாளிலிருந்து சேர்ந்துகொண்டே வருவது. பார்த்தவுடன் இலட்சக்கணக்கில் இருக்கும். அது நேற்றைய கோளாறா, போன வருடத்து இடியின்போது வந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இவர் முந்தின நாள் மாலையே எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி வைத்திருக்கிறார். இரவு எட்டரைக்கு வீட்டிலிருந்தே உள்ளே போய்ப் பார்த்து, குறித்து, ஒன்பதரைக்கு மறுபடி பார்த்துக் குறித்திருக்கிறார். குறித்தது ஒரு நீள நோட்டில்.

அந்த நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மளிகைக் கடையில் பற்று எழுதும் சிவப்பு முதுகு நோட்டு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பக்கம். மேலே எங்கே போகிறது, என்ன ஒயர், எத்தனை மீட்டர், எந்தத் தேதியில் நுனி மாற்றியது. கீழே நடந்த கோளாறுகள் ஒவ்வொன்றும், சரிசெய்த விதமும். ஒன்பதாம் போர்ட்டின் பக்கத்தில் 'இடி. செத்தது' என்று மட்டும் இருந்தது. சுவிட்சிலும் அந்த ஓட்டையில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. சித்திரை, வைகாசியில் மலையடிவாரத்தில் கோடை இடி இறங்கும்போது, கட்டிடம் விட்டுக் கட்டிடம் போகும் காப்பர் ஒயர் வழியாகப் போர்ட் எரிந்துபோவது உண்டு. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பதால் அந்தப் பயமில்லை. பதினேழையும் இழைக்கு மாற்றிவிடலாம் என்று பல நாளாகச் சொல்லிவருகிறாராம். செலவுக்கு இன்னும் அனுமதி வரவில்லை. இந்த ஊரின் வலைப்பின்னலுக்கு வரைபடம் என்று ஒன்று இருக்குமானால் அது அந்த நோட்டுதான். அதை எழுதச் சொல்லி எவரும் இவரைக் கேட்கவில்லை.

ஒயரைத் தொட்டபடியே மாடியில் நடந்தோம். தென்னை மட்டை சாய்ந்து கிடந்த இடத்தில் உறை உரிந்திருந்தது. அணில் கடித்திருக்கிறது. இந்த ஒயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 1995-ல் வந்த நூறு மெகாபிட் முறைக்கு இரண்டு ஜோடி போதும். 1999-ல் வந்த ஆயிரம் மெகாபிட் முறைக்கு நான்கும் வேண்டும். இங்கே அறுந்திருந்தது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி. சுவிட்ச் ஆயிரத்துக்கு முயன்று முடியாமல், தானாக நூறுக்கு இறங்கி, மிச்ச ஜோடிகளோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தனை நாளும் விளக்கு பச்சையாகவே எரிந்திருக்கிறது.

கடிபட்ட பகுதியை வெட்டித் தள்ளினார். ஓரமாகச் சுருட்டி வைத்திருந்த உபரி ஒயரை இழுத்து, உறையை உரித்து, கம்பிகளைப் பிரித்தார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எட்டையும் தட்டையாக நீவி, ஒரே வெட்டாக வெட்டி, ஆர்ஜே 45 நுனிக்குள் தள்ளினார். அதோடு விடாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எட்டுக் கம்பியும் கடைசிவரை போய் முட்டியிருக்கிறதா என்று முன்பக்கமாகப் பார்த்தார். பிறகுதான் கிரிம்பிங் டூலை அழுத்தினார். கைப்பிடியின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது.

கீழே வந்து பார்த்தால் பதினேழில் 1000. அவர் அப்போதும் எழுந்திருக்கவில்லை. அந்தப் போர்ட்டுக்குப் பின்னால் கருவிகளின் முகவரிகள் ஏறுகின்றனவா என்று பார்த்தார். பிறகு பிங். அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடத்தில் மைக் மியூஸ் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் அது. "நான் அனுப்பியது கிடைத்ததா?" என்று கேட்டுப் பதில் வாங்கி வருகிற ஒரே வேலைதான் அதற்கு. சாதாரணமாக அனுப்பும் பொட்டலம் மிகச் சிறியது, பழுதான ஒயரிலும் தப்பிப் போய்விடும். அதனால் இவர் 1472 பைட்டாகப் பெரிதாக்கி, நூற்றுக்கணக்கில் தொடர்ந்து அனுப்பினார். ஒன்றுகூடத் தவறவில்லை. நோட்டில் தேதி போட்டு, 'அணில். பழுப்பு. புது நுனி' என்று எழுதினார். இரவு எட்டரைக்கு மறுபடி பார்ப்பேன் என்றார். மற்றபடி அவர் அடித்த பல கட்டளைகளை நான் தொடரவில்லை. 

ஓர் இரவு ஊரே இணையம் இல்லாமல் இருண்டுபோன கதையைச் சொன்னார். ஏதோ ஒரு கடையில் சின்ன சுவிட்ச் பெட்டியிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒயர் நுனியை, அழகாக இருக்கட்டும் என்று அதே பெட்டியின் காலி ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். வளையம் விழுந்துவிட்டது. ஒரே தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி, ரேக்கில் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் வெறிபிடித்ததுபோல் துடித்திருக்கிறது. "ஒவ்வொரு ஒயரா புடுங்கிக்கிட்டே வந்தேண்ணே. பதினொண்ணைப் புடுங்குனதும் எல்லாம் அமைதியாயிருச்சு." இப்படி வளையம் விழாமல் தடுக்க 1985-லேயே ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் வழி கண்டுபிடித்துவிட்டார். வாங்கும்போது யாரும் அமைத்துத் தராத அந்தப் பாதுகாப்பை, அந்த இரவுக்குப் பிறகு இவரே படித்துத் தெரிந்துகொண்டு ஒவ்வொரு போர்ட்டிலும் போட்டார். இன்றைக்கு எங்காவது வளையம் விழுந்தால் அந்தப் போர்ட் மட்டும் தானாக அணைந்துகொள்ளும்.

இவருடைய அப்பாவும் இதே அறையில் வேலை பார்த்தவர்தான். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்த பிறகு தெருத்தெருவாகக் கறுப்பு ஒயர் இழுத்த தலைமுறை. மழை நாளில் கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டு நகை போனது. வேலையின்போது அடிபட்டால் இழப்பீடு தரச்சொல்லும் சட்டம் இந்த நாட்டில் 1923-லேயே வந்துவிட்டது. ஆனால் அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வருகைப் பதிவேடும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. மகனுக்கும் இன்றுவரை இல்லை.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். ஒரு வீடு மாதாமாதம் கட்டும் பணம் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். இணையச் சேவை உரிமம் வைத்திருக்கும் நிறுவனம் தன் வருவாயில் 8 சதவீதத்தை அரசுக்கு உரிமக் கட்டணமாகக் கட்டுகிறது. பெரிய நிறுவனத்துக்கும், கேபிள் அறையை நடத்தும் ஊர் ஆபரேட்டருக்கும் நடுவே ஓர் ஏஜென்ட் இருக்கிறார். ஒரு ஒயரைக்கூடத் தொடாத அவருக்குப் பங்கு தேதி தவறாமல் போய்விடுகிறது. கம்பத்துக்கு வாடகை, கரண்டுக்குக் கட்டணம். ஊர் ஆபரேட்டருக்கும் பெரிதாக மிஞ்சுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லோரும் எடுத்ததுபோக மீதியில்தான் இந்த ஆளின் சம்பளம். ஆனால் வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் மணி அடிப்பது இவர் போனில் மட்டும்தான். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும் ஜேசிபி இழையை அறுத்துப் போட்டாலும் இவருக்குத்தான் ஏச்சு. தோண்டுவதற்கு முன் தகவல் சொல்வதற்கென்றே 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு ஒரு செயலி வெளியிட்டது. தோண்டுகிறவர்கள் அதைப் பார்த்ததில்லை என்கிறார் இவர்.

"படிச்சிட்டு மெட்ராஸ் போயிருந்தா இதே வேலைக்கு ஏசி ரூம்ல உக்காரவச்சு நெட்வொர்க் இன்ஜினியர்னு சொல்லியிருப்பாங்க" என்றார். மனக்குறையாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார். ஏன் போகவில்லை என்று கேட்டேன். அப்பாவைத் தனியே விட முடியாது என்றார்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்துக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. இருபது பேருக்குக் குறைவென்றால் வருங்கால வைப்புநிதியும் கட்டாயமில்லை. ஊர் ஊராக இருக்கும் கேபிள் அறைகளில் மூன்று பேர், நான்கு பேர்தான். எனவே இந்தத் தொழிலில் கம்பம் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் வெளியே நிற்கிறார்கள். செயலி வழியாக உணவும் பொருளும் கொண்டுவந்து தரும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2023-ல் தனி நல வாரியம் அறிவித்தது. அந்தச் செயலி ஓடுவதற்கே வழிசெய்யும் இணைப்பாளர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அவர்கள் பெயரைப் பதிந்து, ஓர் அடையாள அட்டையும் விபத்துக் காப்பீடும் தரவேண்டும். ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் திட்டத்தின் செலவுப் பட்டியலிலேயே இதற்கு ஒரு வரி சேர்த்துவிடலாம். அரசு இதைச் செய்ய வேண்டும்.