தாய்மாமன் கொண்டுவரும் சீர்

உறவினர் வீட்டுக்குப் போய்வருவது இக்காலத்தில் வேண்டாத வேலை என்று எண்ணுவோர் நம்மவரிடையே பெருகி வருகின்றனர். கைப்பேசி இருக்கிறது, முகம் பார்த்துப் பேசலாம், நல்ல நாளுக்கு வாழ்த்தை ஒரு நொடியில் அனுப்பலாம், அப்படியிருக்க, பெட்ரோலையும் பொழுதையும் செலவிட்டுத் தோட்டத்துச் செம்மண் பாதையில் எதற்காகப் போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதில் ஓரளவு நியாயம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசியில் நாம் கேட்டதற்குத்தான் விடை வரும். கேட்கத் தெரியாத விஷயம் ஒருபோதும் வாராது. அதனை வீட்டுக்குள் கொண்டு சேர்க்க ஓர் ஆள் நேரில் வந்து திண்ணையில் உட்கார வேண்டியிருக்கிறது. இதனை விளக்கவே இக்கட்டுரை எழுதத் துணிந்தோம்.

நமது தொழில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. இருப்பிடம் ஜொகூர் பாரு. வாரத்தில் ஒரு நாள் மூவாரில் மீன் கிடங்கு, மறு நாள் பத்து பகாட்டில் துணிக்கடை, அடுத்த நாள் குளுவாங்கில் மருந்துக்கடை என்று ஊர் ஊராய்ச் செல்லும் பிழைப்பு. ஒரு வேலைக்கும் மற்றொரு வேலைக்கும் இடையே அரை நாள் கிடைக்குமாயின், வண்டி தானாகவே செடெனாக் பக்கம் திரும்பிவிடும். அங்கேதான் நமது தமக்கையார் வாழ்கின்றார்.

செடெனாக், கூலாய் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909இல் போட்டு முடிக்கப்பட்ட இருப்புப்பாதை அதன் வழியே செல்கிறது. பின்னாளில் வந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கும் அங்கே ஒரு வாயில் உண்டு. சுற்றிலும் ஒரு காலத்தில் பால் மரம்; அதனை வெட்டிய பின் செம்பனை; இப்பொழுதோ செம்பனைக்குப் பக்கத்திலேயே 745 ஏக்கரில் ஒரு தொழில்நுட்பப் பூங்கா எழுந்து, கணினிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைக்கும் தரவு நிலையங்கள் அதில் கட்டப்படுகின்றன. பால் வெட்டிய பாட்டிக்கும், செம்பனைக் குலை சுமந்த தந்தைக்கும் பிறந்த தலைமுறை, சன்னல் இல்லாத அப்பெரிய கட்டடங்களை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம் முன்னோர்க்கு உறவினரைப் பார்ப்பது இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. ரஜுலா என்ற கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிற்று. ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கழித்தால்தான் அக்காள் முகத்தைத் தம்பி காண இயலும். 1938இல் தோட்ட வேலைக்கு உதவி பெற்று ஆட்கள் மலாயா வருவதை இந்திய அரசாங்கம் தடுத்தது. 1942இல் போர் வந்து கடிதப் போக்குவரத்தையும் அறுத்தது. நமது பாட்டனார் தம் தமக்கையை நாகைக் கரையில் விட்டுவந்தவர், மீண்டும் காணாமலே ரெங்கத்தில் கண்ணை மூடினார். அவருக்குக் குறுக்கே கடல் இருந்தது. நமக்குக் குறுக்கே இருப்பதோ கூலாய்ச் சாலை நெரிசல் மட்டுமே. இதனைச் சாக்காகச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டாமா?

நிற்க. தமக்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போவது வழக்கமன்று. ஆனால் எதைக் கொண்டு போவது? இதில் நமக்கும் தமக்கையாருக்கும் பல ஆண்டுகளாக ஓர் ஒப்பந்தம் உண்டு. செடெனாக் கடையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு போகக் கூடாது. அலமாரியில் பூட்டி வைக்கும் பொருளாக இருக்கக் கூடாது. இருபது வெள்ளிக்கு மேல் ஆகக் கூடாது. இம்மூன்று விதிகளுக்கும் உட்பட்டுப் பொருள் தேடுவது, சொல்லப் போனால், இயந்திரம் பழுது பார்ப்பதினும் சுவையான வேலை.

குளுவாங்குக்குப் போனால் கோப்பித்தூள். அவ்வூர்ப் புகைவண்டி நிலையத்தில் 1938இல் தொடங்கிய கோப்பிக் கடையை அறியாதார் ஜொகூரில் இரார். மலேசியாவில் பெரிதும் விளைவது லைபீரிக்கா என்னும் கோப்பி இனம். 1869இல் இலங்கை மலைத் தோட்டங்களில் கோப்பி இலையைத் துருநோய் பற்றி அழித்த பிறகே, நோயைத் தாங்கக்கூடும் என்று நம்பி இவ்வினத்தைப் பலரும் நாடினர். மலாயாவில் ரப்பர் வருமுன் கோப்பித் தோட்டங்களிலும் நம்மவர் கூலி வேலை செய்ததுண்டு. ஆகவே, ஒரு குவளைக் கோப்பியை நம் தமக்கையார் ஆற்றிக் கொடுக்கும்போது, அதில் நம் இனத்தின் வரலாறும் சிறிது கலந்தே இருக்கிறது.

ஜொகூர் பாருவிலிருந்து நேரே புறப்பட்டால், 1919 முதல் விறகு அடுப்பிலேயே வேகவைக்கும் ஹியாப் ஜூ ரொட்டிக்கடையின் வாழைப்பழக் கேக்கு. பொந்தியான் பக்கம் வேலை இருந்தால் பெக்கான் நானாஸ் அன்னாசி. ஒரு முறை வண்டி பழுதாகிவிட, ஆறு அன்னாசிகளைக் கோணியில் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினோம். கூலாய் வருவதற்குள் பக்கத்தில் இருந்த மலாய்ப் பாட்டியார் அதன் மணத்தைப் புகழ்ந்தார். எதிரே இருந்த சீனப் பிள்ளை அதன் முள்ளைத் தொட்டுப் பார்த்து அழுதான். இறங்கும்போது கோணியில் நான்குதான் மிச்சம். தமக்கையார் சிரித்துக்கொண்டே, “நல்ல வேளை தம்பி, செடெனாக் பக்கத்திலேயே இருக்கிறது, ஈப்போவில் இருந்தால் கோணிதான் வந்து சேர்ந்திருக்கும்” என்றார்.

இனி, சிறிது கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் தாய்மாமன் சீர் என்ற ஒன்று உண்டு. அக்காள் மகள் வயதுக்கு வந்தால் தட்டு எத்தனை, தங்கம் எத்தனை என்று ஊரார் எண்ணுகின்றனர். கடன் வாங்கித் தட்டு நிரப்பிவிட்டு, அக்கடனை மூன்று ஆண்டு கட்டிய மாமன்மாரை நாம் அறிவோம். அத்தட்டுகளில் இருந்த பட்டு, பெட்டிக்குள் போயிற்று. பழம் மறுநாள் அழுகிற்று. பெண்ணின் படிப்புக்கு அதில் ஒரு காசும் சேரவில்லை. இது அன்பா, அன்றி ஊருக்குக் காட்டும் வேடிக்கையா? நமது தமக்கை மகளுக்கு அச்சடங்கை வேண்டாமென நாமும் தமக்கையாரும் தடுத்தோம். “கைகழுவிய மாமன்” என்று அப்போது சிலர் பேசினர். அப்பேச்சு நமது காதில் நெடுநாள் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அப்பெண் எஸ்.பி.எம். தேறிய ஆண்டில் நாம் ஆயர் ஈத்தாம் வழியாய்ச் செடெனாக் சென்றோம். ஆயர் ஈத்தாம் மட்பாண்டங்களுக்குப் பேர்போன ஊர். மெருகிடாத மண் பானை ஒன்றைப் பதினெட்டு வெள்ளிக்கு வாங்கினோம். வீட்டில் நுழைந்ததும், “பசியாறினாயா தம்பி?” என்ற தமக்கையார் குரலில் வழக்கமான தெளிவில்லை. விசாரித்தோம். பெண்ணுக்குக் கூலாயில் ஒரு கடையில் கல்லாவில் நிற்கும் வேலை வந்திருக்கிறது, மறு வாரமே சேர வேண்டும், மைத்துனர் சம்மதித்துவிட்டார். உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் நாள் இன்னும் நான்கே இருந்தன; அவ்வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. பெண்ணுக்குச் சொல்லுவாரும் இல்லை. கைப்பேசியோ நாள் முழுதும் அவள் கையில்தான் இருந்தது!

மாலையில் பானையில் நீர் ஊற்றி வைத்தோம். சிறிது நேரத்தில் அதன் புறம் வியர்த்தது. பெண் தொட்டுப் பார்த்து, “மாமா, ஐஸ் போடாமல் எப்படிக் குளிர்கிறது?” என்று கேட்டாள். பானையின் நுண்துளை வழியே நீர் கசிகிறது. கசிந்த நீர் ஆவியாகிப் போகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டுபோகிறது. நமது ஜொகூர்க் காற்றில் ஈரம் மிகுதியாதலால் நீர் விரைவில் ஆவியாவதில்லை, ஆகவே தமிழ்நாட்டுக் கோடையில் குளிருமளவு இங்கே குளிராது என்று சொன்னோம். “நான் பழுது பார்க்கும் இயந்திரத்திலும் இதுவே நடக்கிறது. அங்கே ஆவியான பொருளைக் காற்றில் போகவிடாமல் பிடித்து, அழுத்தி, வெப்பத்தை வெளியே தள்ளி, மீண்டும் நீர்மமாக்கி உள்ளே அனுப்புகிறோம். அவ்வளவுதான் வேறுபாடு.”

அவள் வேலிக்கப்பால் விளக்கெரியும் கட்டடங்களைக் காட்டினாள். “அதற்குள்ளும் இதுதானா மாமா?” ஆம், அம்மா, இதுதான் என்றோம். கணினி ஓயாது கணக்குப் போடும்போது ஓயாது சூடேறும்; அச்சூட்டை இரவு பகலாய் வெளியேற்றாவிட்டால் உள்ளே யாவும் நின்றுவிடும்; ஆகவே அங்கே மின்சாரத்தை அறிந்தவரும் குளிரூட்டலை அறிந்தவரும் முறை வைத்துக் காவல் இருக்கின்றனர். ஏக்கர்க் கணக்கைப் பார்த்தால் அங்கே வேலை பெறுவோர் மிகுதி அல்லர். தோட்டம் சோறு போட்ட அளவு குடும்பங்களுக்கு அவை சோறு போடா. மின்சாரத்தையும் நீரையும் மிகுதியாய்க் குடிக்கின்றன. இதனையும் மறைக்காமல் சொன்னோம். ஆனால் இருக்கும் சில வேலைகளும் படித்தவர்க்கே உரியன. படியாதவர்க்கு வேலிக்கு வெளியேதான் இடம்.

மைத்துனர் அதுகாறும் பேசாதிருந்தவர், “பெண் பிள்ளை கம்பியும் சுத்தியும் பிடிப்பதா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்றார். அவர் கெட்டவர் அல்லர். இருபத்தேழு ஆண்டு குலை சுமந்து முதுகு வளைந்தவர். கையில் வரும் சம்பளத்தை விட்டுக் காணாத படிப்பை நம்ப அவருக்கு அச்சம். தமக்கையார் கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு அமைதியாய்ச் சொன்னார்: “என் மாமியார் கத்தி பிடித்துப் பால் வெட்டினார். நான் மண்வெட்டி பிடித்தேன். அப்போது நாலு பேர் ஒன்றும் சொல்லவில்லையே! சம்பளம் கூடும் வேலைக்குத்தானா பெண் கை ஆகாது?”

மைத்துனர் நெடுநேரம் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எவ்வளவு செலவாகும்?” என்று கேட்டார். அக்கேள்வியே சம்மதம் என்று நாம் அறிந்தோம். பாசிர் கூடாங்கில் உள்ள இப்ராஹிம் சுல்தான் பொலிதெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா. பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம். வேலை நிமித்தம் அவ்வூர்களுக்குப் போனபோது வாயிலைப் பார்த்தும், அங்கே படித்த சகதொழிலாளரிடம் கேட்டும் நாம் அறிந்தவை அவை. யுபியு என்னும் பொது விண்ணப்ப வாயில் வழியே அரசாங்கக் கல்விநிலையங்களுக்கு மனுச் செய்யலாம் என்பதைக் காட்டினோம். அவளே தன் கைப்பேசியில் அன்றிரவு பதினொரு மணிக்கு விண்ணப்பத்தை அனுப்பினாள். நாம் மறு நாள் விடியலில் குளுவாங்குக்கு வேலைக்குப் புறப்பட்டோம். இன்று அவள் பாசிர் கூடாங்கில் மின்பொறியியல் படிக்கிறாள். விடுமுறையில் வீடு வரும்போது அப்பானையில்தான் நீர் குடிக்கிறாள்.

இதனை நமது பெருமைக்காகச் சொல்லவில்லை. நாம் கொடுத்தது பதினெட்டு வெள்ளிப் பானையும், ஊர் சுற்றிய காலில் ஒட்டிய சில செய்திகளுமே. இடமும் தேதியும் தெரிந்த ஓர் ஆள், உரிமையோடு அவ்வீட்டில் நுழையக்கூடிய ஆள், தக்க நாளில் அங்கே உட்கார்ந்திருந்தான், அவ்வளவே. தோட்டப்புறத்தில் இன்று பண்டம் குறைவன்று, கைப்பேசியும் குறைவன்று. “இது உனக்கு உரியது; இன்ன நாளுக்குள் செய்” என்று பெயர் சொல்லிக் கூறும் குரல்தான் குறைவு. முற்காலத்தில் எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பது லயங்களில் உண்டு. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. 1935இல் தோன்றிய தமிழ் முரசு இன்றும் சிங்கப்பூரில் வெளிவருகிறது. பத்திரிகை இருந்தாலும் நின்றாலும், உரக்கப் படிப்பவர் நின்றுவிடக் கூடாது.

போகும் கை வெறுங்கையாய்த் திரும்புவதுமில்லை. தமக்கையார் வேலியோரத்து முருங்கைக் கீரையையும், எலுமிச்சை ஊறுகாயையும், அவற்றோடு பத்துச் செய்திகளையும் கட்டித் தருவார். எந்த வீட்டில் பிள்ளை பள்ளியை நிறுத்திவிட்டான், எவருடைய சேமநிதிக் கணக்கு தெளிவில்லை, எந்த மூதாட்டிக்கு அடையாளக் கார்டுச் சிக்கல் என்பன அவை. அவற்றுள் இரண்டொன்றுக்கு அடுத்த பிரயாணத்தில் நாம் விடை கொண்டு போவதுண்டு.

லோரி ஓட்டும் தோழர்களே, பாலம் கடந்து சிங்கப்பூரில் உழைத்துத் திரும்பும் சகோதரர்களே, மாதர்களே! நீங்கள் காணும் ஊர்களும் அலுவலகங்களும் உங்கள் தமக்கை வீட்டார் காணாதவை. வரும் வாரத்தில் வேலைக்கும் வேலைக்கும் நடுவே அரை நாள் கிடைக்குமாயின் அவ்வீட்டுக்குப் போங்கள். உண்ண ஒரு பொருளும், பயன்பட ஒரு செய்தியும் கொண்டு போங்கள். பொருள் சிறிதானாலும் குற்றமில்லை. செய்தி மட்டும் தேதி தவறாமல் போய்ச் சேரட்டும்.