புவியியலும் ஒரு பட்டமா?

மகனோ மகளோ பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால், நம்மவர் வீடுகளில் முதலில் எழும் வினா, "என்ன பாடம்?" என்பதாகும். மருத்துவம் என்றாற் கற்கண்டு வழங்கப்படும். பொறியியல் என்றால் மாலைக்குள் ஊரெங்கும் செய்தி பரவிவிடும். சட்டத்துக்கும் கணக்கியலுக்குங்கூட மதிப்பில் குறைவில்லை. "புவியியல்" என்று பிள்ளை விடை கூறினால் மாத்திரம் சிறிது நேரம் ஒருவரும் பேசார். பின்பு பெரியதந்தையார் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுவும் நல்ல பாடந்தான், படிப்பிக்கிற உத்தியோகம் எடுக்கலாம்" என்று ஆறுதல் கூறுவார். அவ்வாறு ஆறுதல் கூறப்பெற்றவருள் நாமும் ஒருவர்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நாம் பேராதனைக்குப் புறப்பட்டபோது எம் தந்தையார் தடை ஒன்றும் சொல்லவில்லை. "மலையும் ஆறும் எங்கே இருக்கின்றன என்று அறிய நாலு வருடம் வேணுமோ?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. அக்காலப் பள்ளிக்கூடங்களிற் பெரும்பாலும் அவ்விதமாகவே இப்பாடம் நடைபெற்றது. எந்நாட்டுக்கு எது தலைநகர், எந்த ஆறு எக்கடலில் விழுகின்றது, தேயிலை எங்கே, இறப்பர் எங்கே என்று மனனஞ் செய்து ஒப்புவித்தோம். முன்னோர் 'பூமிசாஸ்திரம்' என்று கம்பீரமாக வழங்கிய பாடம் இடப்பெயர்ப் பட்டியலாகக் குறுகிக் கிடந்தது.

பேராதனையில் முதலாண்டிலேயே 'எங்கே' என்ற வினா பின்னுக்குப் போய், 'ஏன் அங்கே' என்ற வினா முன்னுக்கு வந்தது. 1800ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலப் படத்தாள்களை மேசையில் விரித்து, சமவுயரக் கோடுகளைக் கொண்டு மலையின் குறுக்குவெட்டு முகத்தை வரைவோம். வரைந்து முடித்துத் தலை நிமிர்ந்தால் யன்னலுக்கு வெளியே அந்த அந்தானை மலையே நிற்கும். யாழ்ப்பாணத் தாளிலோ ஒரு சமவுயரக் கோட்டைக் காண்பதே அரிது. "உங்கள் ஊரை வரைய அடிமட்டம் ஒன்று போதும்" என்று மலைநாட்டு நண்பர்கள் எம்மை நகையாடுவர்.

ஒருநாள் விரிவுரையாளர் ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைச்சாரலில் வீசும் 'போன்' என்னும் வறண்ட காற்றை விளக்கிக்கொண்டிருந்தார். ஈரக்காற்று மலையின் ஒரு பக்கத்தில் ஏறும்போது குளிர்ந்து மழையைச் சொரிந்துவிடும். மறுபக்கத்தில் இறங்கும்போது அழுத்தத்தினாற் சூடேறி, வறண்டு, பயிரை வாட்டும். எம் அருகில் இருந்த மட்டக்களப்பு நண்பர், "இது எங்கள் கச்சானல்லவா?" என்றார். அதுவே உண்மை. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிற் சில இடங்களுக்கு ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைக்கக் காரணமாகின்றது. அதே காற்றுத்தான் கிழக்கே இறங்கும்போது நெருப்பாய் வீசுகின்றது. இலங்கையின் காலநிலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய அறிஞர்களும் அதனைக் 'கச்சான்' என்றே குறித்துள்ளனர். எம் மீனவரும் கமக்காரரும் வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று நாளாந்தம் வழங்கிய சொற்களுக்குள் ஒரு விஞ்ஞானம் அடங்கியிருந்ததை அன்று அறிந்தோம்.

இன்னொன்றும் அங்கே கற்றோம். இலங்கையின் தரை, கடலோரச் சமவெளியிலிருந்து மூன்று படிகளாக உயர்கின்றது என்று கனடா நாட்டுப் புவிச்சரிதவியலாளர் அடம்ஸ் 1929இல் எழுதினார். தீவு இடையிடையே உயர, அரிப்பினாற் படிகள் உண்டாயின என்பது அவர் கொள்கை. பின்னர் 1940களில் வாடியா என்பார், நிலத்துண்டங்கள் பிளவுற்று மேலெழுந்தமையே காரணம் என்றார். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் புவியியற் பேராசிரியராக விளங்கிய குலரத்தினம் அவர்களும் இத்தரைத்தோற்றத்தை ஆராய்ந்தவர். ஒரே மலையைப் பார்த்துப் பேரறிஞர்கள் மாறுபட்ட முடிவுக்கு வரலாம் என்பது, அச்சில் வந்ததெல்லாம் முடிந்த முடிவு என்று எண்ணி வளர்ந்த எமக்குப் புதுமையாக இருந்தது.

இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்காக, வலிகாமத்துச் செம்மண் பகுதியில் ஒரு கிராமத்தின் கிணறுகளைத் தெரிந்துகொண்டோம். முடிச்சிட்ட கயிறும் கொப்பியும் கையுமாக வளவு வளவாக நடந்து, நீர்மட்டத்தை அளந்தோம். நாவில் ஒரு துளி விட்டு உவர்ப்பையும் பார்த்தோம். ஆண்டுமுழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டுக்கு, ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மழையே முதல். அம்மழை மண்ணுக்குள் இறங்கி, கோடி ஆண்டுக் கணக்கிற் பழைமையான சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அதன் அடியிற் கடல்நீர் பரந்து கிடக்கின்றது. நன்னீர் இலேசானதாகையால் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்று, ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மானியர் ஒருவரும் தனித்தனியே கணித்திருந்தனர். அப்படியானால் மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தாற் காலப்போக்கில் அடியிலிருக்கும் உவர் நாற்பது அடி ஏறிவிடும்! குகைகள் நிறைந்த எம் சுண்ணக்கல்லில் இக்கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. எனினும் எச்சரிக்கைக்கு அது போதும்.

நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பர். அதில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்குமென்ற கதையும் தெரிந்ததே. பழம் போகுமோ போகாதோ, நிலத்தின் கீழே நீர் ஓடித்திரிகிறது என்ற உண்மையைக் கதை கட்டியவர் கண்டிருக்கிறார்.

அக்கிராமத்திற் புகையிலைத் தோட்டக்காரரான முதியவர் ஒருவர் எம் கயிற்றை வேடிக்கை பார்த்துவிட்டு, "தம்பி, துலாவில் இறைச்ச காலத்தில் கிணறு தானாய் ஊறும், ஊறினதைத்தான் எடுத்தம். மிசின் வந்தபிறகு ஊற முதலே எடுக்கிறம். அடித்தண்ணியைக் கலக்கினால் மேல்தண்ணியும் மிஞ்சாது" என்றார். நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கை அவர் அறியார். ஆனாற் கணக்கு எதைச் சொல்லிற்றோ அதையே அவர் சொன்னார்.

விடுமுறையில் வீடு சென்றபோது, தந்தையாரிடம் இவற்றைப் படம் வரைந்து காட்டினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை, எம் தோட்டக் கிணற்றில் இயந்திரத்தின் உறிஞ்சு குழாயை இரண்டு முழம் உயர்த்திக் கட்டியிருந்தார். நாலு வருடம் எதற்கென்ற கேள்வியை அதன்பின் அவர் கேட்டதில்லை.

இனி, தொழிலைப் பற்றிப் பேசாவிடிற் பெற்றோர் எம்மை மன்னியார். எம்மோடு கற்றவருட் பலர் ஆசிரியராயினர். சிலர் கச்சேரிகளிலும் திட்டமிடல் அலுவலகங்களிலும் அமர்ந்தனர். வேலையின்றி ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தவரும் உளர். அதை மறைப்பதிற் பயனில்லை. இன்று நிலைமை ஓரளவு வேறு. செய்மதிப் படங்களும் கணினியில் இயங்கும் புவியியல் தகவல் முறைமையும் இப்பாடத்தின் கருவிகளாகிவிட்டன. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை எம் கரைகளைச் சூறையாடிய பின்னர், எந்தக் கரை தாழ்ந்தது, எந்த றோட்டால் மக்களை வெளியேற்றலாம் என்று படம் வரைந்து கொடுப்போருக்கு வேலை உண்டாயிற்று. கிணறுகளோ இன்னும் ஆளைத் தேடுகின்றன. உவரோடு, உரத்திலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்றும் இப்போது சேர்ந்துகொண்டது. செய்மதி எடுத்த படத்தில் அது தெரியாது. யாராவது நடந்துபோய் நீரை அள்ளிப் பார்க்கவேண்டும்.

ஆகையால், வெட்டுப்புள்ளி குறைந்தமையால் மாத்திரம் இப்பாடத்துக்கு வந்து, விரிவுரைக் குறிப்பைப் பார்த்தெழுதிப் பட்டம் பெற விரும்பும் பிள்ளைக்கு நாம் இதனை விதந்துரைக்க மாட்டோம். வெயிலில் நடக்கவும் முன்பின் அறியாதவரின் படலையைத் தட்டவும் கூசாத பிள்ளைக்கு இது நல்ல பாடம். பெண்பிள்ளைகள் இதற்கு ஆகார் என்போரை நாம் நம்புவதில்லை. எம் வகுப்பில் அளவைச் சங்கிலியை நேராக இழுத்தவர்கள் அவர்களே.

உயர்தர வகுப்பிற் புவியியலை எடுத்திருக்கும் பிள்ளை ஒருவர் இதனை வாசிப்பாராயின், வரும் புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன், தம் வீட்டுக் கிணற்றுள் கல்லைக் கட்டிய கயிறொன்றை இறக்கி நீர்மட்டத்தை அளந்து, கொப்பியில் திகதியோடு குறித்து வைக்கட்டும். தை பிறந்தபின் மீண்டும் அளக்கட்டும். தோட்டங்களில் இறைப்பு மும்முரமாகும் பங்குனியில் மூன்றாம் முறையும் அளந்துவிட்டால், இறுதியாண்டில் நாம் செய்த வேலையின் முதற்பகுதி அவருக்கு வீட்டு முற்றத்திலேயே முடிந்துவிடும்.